பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்த பாஸ்போட்

தலவாக்கலையில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில், வெளிநாட்டு வேலைக்குப் போகிற பதினெட்டுப் பேருக்கு அறிவுரை சொல்ல வரும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து நாடுகளில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவள் என்பதால் கூப்பிட்டார்கள். கூட்டத்தை நடத்திய சப் ஏஜென்ட், நான் பேச வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். பணிவு, பொறுமை, அனுசரித்துப் போவது, கைப்பேசியைக் குறைப்பது. நான் அதை மடித்து மேசையில் வைத்துவிட்டு, "ஒங்க பாஸ்போட்ட யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க. கேக்காமலும் குடுத்துடாதீங்க" என்று ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில், தேநீர் வந்துவிட்டது என்று சொல்லி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். தேநீர் வந்திருக்கவில்லை.

அந்தப் பதினெட்டுப் பேரில் இரண்டு பெண்கள் வாசல்வரை என் பின்னால் வந்து, மிச்சத்தை எப்போது சொல்வீர்கள் என்று கேட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதில் பணிவைப் பற்றி ஒன்றும் இருக்காது. அது நம்மிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

என் பெயர் மரகதம். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பத்து வருடம் கொழுந்து பறித்தேன். கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை, அதைப் பற்றி எழுதப் போவதில்லை. ஏன் வெளிநாட்டுக்குப் போனாய் என்று கேட்பவர்கள் கஷ்டத்தால் என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கஷ்டம் இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவிலும் அதே கஷ்டம்தான் இருந்தது, அவர்கள் போகவில்லை. நான் போனதற்குக் காரணம், மலையில் நின்று கொழுந்து பறிக்கும்போது கீழே பதுளை ரயில் தினமும் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். அது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

போய் வந்த பெண் என்றால் ஊரில் இரண்டு கதைதான் கேட்கிறார்கள். அடிபட்டு அழுது வந்த கதை அல்லது மாடி வீடு கட்டிய கதை. என்னிடம் இரண்டும் இல்லை. முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுத் தழும்பு இருக்கிறது, அது என் கவனக்குறைவால் வந்தது. இருப்பது இன்னும் லயத்துக் காம்பராவில்தான். ஆனால் எந்த ஆபீஸ் வாசலிலும் நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்பதில்லை.

போவதற்கு முன் பயிற்சி என்று சில நாட்கள் நடந்தது. சிங்களத்தில் நடந்தது. மின்சாரம் கொடுக்காத ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தைச் சுற்றி நாற்பது பெண்கள் நின்று, அதன் பொத்தான்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு குவைத்தில் ஒரு வீட்டில் இறங்கினேன். இந்த இயந்திரம் தெரியுமா என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். தலையாட்டினேன். அன்றைக்கு மாலை அவருடைய மகனின் கம்பளிச் சட்டை, பொம்மைக்குப் போடுகிற அளவில் வெளியே வந்தது.

அதனால் முதல் விஷயம் இது. தெரியாது என்பதைத் தெரியாது என்று சொல்லுங்கள். தோட்டத்தில் தெரியாது என்று சொன்னால் ஏச்சு விழும் என்பதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகியிருக்கிறோம். அங்கே தலையாட்டினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். போகிற நாட்டின் பாஷையில் முதலில் ஒன்றிலிருந்து நூறுவரை படியுங்கள். வணக்கமும் நன்றியும் ஒரு வாரத்தில் தானாக வரும். எண் தெரியாவிட்டால் பஸ் நம்பர் தெரியாது, மணி தெரியாது, ஆஸ்பத்திரியில் உங்கள் முறை வந்ததும் தெரியாது. வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு தடவை பேசுங்கள். தினமும் பேசினால் அங்கேயும் வாழ மாட்டீர்கள், இங்கேயும் வாழ மாட்டீர்கள். சிங்களம் தெரிந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஊரில் நாம் யாராக இருந்தாலும், அங்கே இலங்கை ஆட்கள் எல்லாருக்கும் ஒரே குசினிதான், சமைப்பதும் சேர்ந்துதான். நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு ஏசிக் குளிர் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். அது ஈரமில்லாத குளிர். உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் கொண்டு போங்கள்.

இதெல்லாம் யாரும் சொல்லுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

குவைத் வீட்டில் இறங்கிய முதல் நாள், அந்த அம்மா என் பாஸ்போட்டைக் கேட்கவில்லை. நானாகவே பையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். "பத்திரமா வைங்க" என்று தமிழில் சொன்னேன். அவருக்குப் பாஷை விளங்கவில்லை, ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து கேட்டபோது, அடுத்த மாதம் என்றார். அந்த அடுத்த மாதம் வருவதற்கு இன்னும் ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆனது. பக்கத்து வீட்டில் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி இருந்தாள். உன் பாஸ்போட்டை எப்படிப் பறித்தார்கள் என்று கேட்டாள். பறிக்கவில்லை, நான்தான் கொடுத்தேன் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஏன் கொடுத்தேன் என்று அவளுக்கு விளக்க முடியவில்லை. உங்களுக்கு விளங்கும். லயத்துக் கூரை ஒழுகும், எலி கடிக்கும், பக்கத்துக் காம்பராவில் தீப்பிடித்தால் இங்கேயும் எரியும். அதனால் பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், பிள்ளைகளின் ஊசி அட்டை எல்லாவற்றையும் தோட்டத்துப் பெரிய ஆபீசில் கொடுத்து வைப்பார்கள். தேவைப்பட்டால் வாசலில் நின்று கேட்க வேண்டும். கிளார்க் ஐயாவுக்கு மனது இருந்தால் அன்றைக்கே கிடைக்கும். காகிதம் இல்லாத காரணத்தால் குடியுரிமை இல்லாமல், ஒரு நாடே இல்லாமல் இருந்த சனம் நாங்கள். அப்படிப்பட்டவர்கள் காகிதத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாங்களோ அதை நனையாத இடத்தில் வைக்க மட்டும் பழகினோம். நனையாத இடம் என்றால் எங்களுக்கு ஆபீஸ்.

இந்தப் பிழையை வேறு எந்த ஊர்க்காரரும் இவ்வளவு மரியாதையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

இனி கட்டாரில் நடந்ததைச் சொல்கிறேன். அது எனக்கு நான்காவது நாடு. நகரத்துக்கு வெளியே ஒரு கம்பனியின் சலவைத் தொழிற்சாலை, மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி அங்கே வரும். வீட்டு வேலையை விட அது எனக்குப் பிடித்திருந்தது. இயந்திரங்களுக்கு இரண்டு பக்கமும் கதவு. அழுக்குப் பக்கத்தால் போடுகிற துணி, சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தமாக வெளியே வரும். அழுக்குப் பக்கத்தில் வேலை செய்தவள் குளித்து உடுப்பு மாற்றாமல் சுத்தப் பக்கம் கால் வைக்க முடியாது. சிவப்புப் பையில் வருகிற தொற்றுத் துணியைத் திறக்கவே கூடாது. பையோடு இயந்திரத்தில் போட்டால், தண்ணீர் பட்டதும் பை கரைந்துவிடும். இரத்தக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் கறை துணியோடு வெந்து நின்றுவிடும். அறுவைச் சிகிச்சைத் துணிக்குள் கத்தரியும் ஊசியும் வரும் என்பதால் ஒவ்வொன்றையும் உதறாமல் தடவிப் பார்க்க வேண்டும். கொழுந்து பறித்த விரலுக்கு அது சுலபம்.

அங்கே எங்கள் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் அவரை நாதன் சேர் என்போம். பத்தொன்பது வருடமாக அதே கட்டடத்தில் இருந்தார். முதல் நாள் அவருடைய தமிழைக் கேட்டதும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள், யாழ்ப்பாணத்துக்காரர் தோட்டத்து ஆட்களை மதிக்க மாட்டார் என்றார்கள். மதித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. எல்லாரையும் நீங்கள் என்றுதான் பேசுவார். சத்தம் போட மாட்டார். உட்கார மாட்டார். மடிப்பில் ஒரு மூலை பிசகி இருந்தால் அந்த விரிப்பை எடுத்து, முழுவதும் விரித்து, நம் முன்னால் வைத்துவிட்டு, நாம் மறுபடி மடித்து முடியும்வரை பக்கத்தில் நிற்பார். ஒரு தடவை மட்டும் காரணம் சொன்னார். "நோயாளி இதிலதான் முகம் வைக்கப்போறார், பிள்ளை." அதற்குப் பிறகு நான் மூலை பிசகவில்லை.

அவருடைய சட்டைப் பையில் நூல் கட்டிய ஒரு சீல் இருக்கும். துணி வண்டி வந்ததும், இறக்கும் கதவுக்குப் பக்கத்திலுள்ள மேசையில் நின்று எண்ணுவார். வந்ததைக் கொப்பியில் எழுதுவார். சீலில் தேதியைத் திருப்பி, பெற்றுக்கொண்டோம் என்று இரண்டு பிரதியிலும் குத்துவார். ஒன்று டிரைவருக்கு, ஒன்று ஆபீசுக்கு. சீல் குத்தாத துணியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டு போக விட மாட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் துணி குறைகிறது என்று சண்டைக்கு வருகிறபோதெல்லாம் அந்தக் கொப்பியும் சீலும்தான் எங்களைக் காப்பாற்றின.

எங்களோடு கலா என்று ஒருத்தி இருந்தாள். கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். அவளும் நானும் இஸ்திரி இயந்திரத்தில் விரிப்பின் இரண்டு மூலையைப் பிடிப்போம். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து பேசினார். அவர்கள் தோட்டத்தில் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கொடுக்கிறார்கள். பட்டியல் ஒட்டியாயிற்று. அம்மா செத்த பிறகு காம்பரா கலாவின் பெயரில் இருப்பதால் காணியும் அவள் பெயருக்கு விழுந்திருக்கிறது. ஆனால் இன்ன தேதியில் அவளே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். இருபத்தைந்து நாள் இருந்தது.

வெளியில் இருப்பவர்களுக்கு ஏழு பேர்ச் என்பது ஒரு மூலை நிலம். எங்களுக்கு அது வேறு. நாலு தலைமுறை இருந்தும் லயத்தில் ஒரு ஆணி அடிக்கக் கேட்க வேண்டியிருந்த சனத்துக்கு, பெயரில் ஒரு துண்டு மண் என்பது விளையாட்டு இல்லை.

கலா ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் அவளுடைய பைலைத் திறந்து பார்த்துவிட்டு, லீவு ஏழு மாதத்துக்குப் பிறகுதான், பாஸ்போட் அப்போது கிடைக்கும் என்றார். பிறகு ஒரு தாளைக் காட்டினார். என் பாஸ்போட்டைப் பாதுகாப்பாக வைத்திருக்கும்படி நானே கம்பனியைக் கேட்டுக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து. வந்த நாளில் பத்துத் தாளில் கையெழுத்துப் போட்டோம், அதில் இதுவும் ஒன்று.

அவள் திரும்பி வந்து இதைச் சொன்னாள். அதே மாதிரித் தாளில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். குவைத்தில் பட்டும் புத்தி வரவில்லை. பக்கத்தில் எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன்.

கிளினிக்கில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடக்கும், தொழிலாளர் உரிமை என்று பல பாஷைகளில் அச்சடித்தது. தமிழில் இல்லை, சிங்களத்தில் இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், விளங்காததை நந்தா அக்காவிடம் கேட்டேன். அவர் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண், எங்கள் அறையில் மூத்தவர். அதில் இருந்தது இதுதான். பாஸ்போட் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். தொழிலாளி எழுத்தில் கேட்டால் மட்டும் கம்பனி வைத்திருக்கலாம். திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். நந்தா அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் தாளால் போனதைத் தாளால்தான் எடுக்க வேண்டும் என்றார்.

கலாவுக்காக ஒரு கடிதம் எழுதினேன். மேனேஜர் அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். ஆறு நாள் கழித்து அவள் போய்க் கேட்டபோது, எந்தக் கடிதம் என்றார்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். கடிதம் கொடுப்பது பெரிய விஷயமில்லை. கொடுத்தீர்கள் என்பதற்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்றில் பெற்றுக்கொண்டோம் என்று சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆபீசில் அந்தச் சீலை எங்களுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பது தெரிந்துவிட்டது. பதினாறு நாள் மிச்சம் இருந்தது. கலா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். "விடுங்கக்கா, நம்ம தலையில எழுதல" என்றாள். எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை, ஆனால் அவளைத்தான் ஏசினேன். "தலையில எழுதலன்னா தாள்ல எழுதுவோம். சாப்புடு மொத."

ஒருத்தி கேட்டால் இழுப்பறைக்குள் போகும். எல்லாரும் கேட்டால் எந்த இழுப்பறையில் போடுவார்கள்? காலை ஷிப்டில் நாற்பது பெண்கள் இருந்தோம். மூன்று நாள் பஸ்ஸிலும் குசினியிலும் பேசினேன். சிங்களப் பெண்களிடம் நந்தா அக்கா பேசினார். ஒன்பது பேர் மாட்டோம் என்றார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. முப்பத்தொரு பேர் சரி என்றார்கள். நேபாளப் பெண்கள் அவர்கள் எழுத்தில், கென்யாப் பெண்கள் ஆங்கிலத்தில், நாங்கள் தமிழில், சிங்களத்தில் எழுதினோம். எல்லாவற்றிலும் இரண்டே வரி. நான் கேட்டதால் என் பாஸ்போட்டை வைத்திருக்கிறீர்கள். இப்போது திருப்பிக் கேட்கிறேன், கொடுங்கள்.

வேலையை நிறுத்துவது என்ற பேச்சுக்கே நான் இடம் கொடுக்கவில்லை. அங்கே அது குற்றம். வேலை ஆறு மணிக்கு. பஸ் எங்களை ஐந்தே முக்காலுக்கு இறக்கும். அந்தப் பதினைந்து நிமிடம் எங்களுடையது. எங்கே நிற்பது, எப்படி நிற்பது என்று கேட்டார்கள். தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்போமே, பெரட்டு, அது மாதிரி நில்லுங்கள் என்றேன். எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எங்களைப் பார்த்து நின்றார்கள். ஆளுக்கு இரண்டு தாள், சத்தம் இல்லை. வரிசை ஆபீஸ் வாசலில் நிற்கவில்லை. ஆபீஸ் எட்டு மணிக்குத்தான் திறக்கும். துணி இறக்கும் கதவில், நாதன் சேரின் மேசைக்கு முன்னால் நின்றது.

அவரிடம் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். வேண்டாம் என்று இன்னும் சொல்லாத ஒரு மனிதரிடம் போவது வேறு.

நான்தான் முன்னால் நின்றேன். தாளை மேசையில் வைத்தேன். அவர் படித்தார். வரிசையின் கடைசிவரை பார்த்தார்.

"இதென்ன, பிள்ளை?"

"கம்பனிக்கு வந்துருக்குங்க சேர். வாங்கிக்கிட்டேன்னு ஒரு சீல் வைங்க."

"இது துணி இறக்கிற மேசை."

"கம்பனி சீல் இங்கதாங்க சேர் இருக்கு."

அவர் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். எனக்குப் பின்னால் கலா நின்றாள். ஒரு வண்டி வந்து நின்று, டிரைவர் இறங்கி, இவ்வளவு பேர் ஏன் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"எத்தினை பேர்?" என்றார் நாதன் சேர்.

"முப்பத்தொண்ணு."

சட்டைப் பையிலிருந்து சீலை எடுத்தார். நேற்றைய தேதியைத் திருப்பி இன்றைய தேதியாக்கினார். முதல் தாளின் மூலையை விரலால் நேராக்கிக் குத்தினார். இரண்டாவது பிரதியிலும் குத்தி என் கையில் தந்தார். பிறகு கலாவின் தாள். அதற்குப் பிறகு இருபத்தொன்பது. ஒருத்தியின் தாள் கசங்கியிருந்தது, அதைத் தடவி மட்டப்படுத்திவிட்டுத்தான் குத்தினார். எல்லாம் முடிந்ததும் கொப்பியைத் திறந்து, படுக்கை விரிப்பு, தலையணை உறை என்று எழுதுகிற பக்கத்தில், கடிதம் முப்பத்தொன்று என்று எழுதினார். ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. நாங்கள் உள்ளே போனோம்.

ஒன்பது மணிக்கு மேனேஜர் தொழிற்சாலைக்குள் வந்தார். அவர் சத்தம் போட்டது இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்டது. யார் தலைவி என்று கேட்டார். தலைவி என்று யாரும் இல்லை என்றேன். எல்லாரையும் இந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன், "அதுக்கும் பாஸ்போட் வேணும், சார்." நேபாளப் பெண்கள் குனிந்து விரிப்பை மடித்தார்கள். அவர்களுடைய தோள் குலுங்கியது.

பிறகு அவர் நாதன் சேரிடம் போனார். கடிதத்துக்கு எதற்குச் சீல் குத்தினாய் என்று கேட்டார். நாதன் சேர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மத்தியானம் நான் கேட்டபோது அதையே தமிழில் சொன்னார். "வாறது எதெண்டாலும் எண்ணி முத்திரை குத்திறதுதான் என்ர வேலை. அதைத்தான் சொன்னனான்."

கலாவும் நானும் விடுமுறை நாளில், சீல் வைத்த பிரதிகளோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரிலிருந்த பெண் தாளிலிருந்த தமிழைப் பார்க்கவே இல்லை. தேதியைப் பார்த்தாள், கம்பனிச் சீலைப் பார்த்தாள். எத்தனை பேர் என்று கேட்டாள். மற்ற இருபத்தொன்பதையும் எடுத்து வைத்தேன். அவள் போனை எடுத்தாள். பேசியது அரபியில். என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை, முப்பத்தொன்று என்ற எண் மட்டும் விளங்கியது.

நான்காவது நாள் சாப்பாட்டு மண்டபத்துக்கு ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டு வந்து, பெயர் கூப்பிட்டுப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எங்கள் சீருடைக்குப் பை கிடையாது, துணி திருடுவோம் என்று தைக்க விடவில்லை. வாங்கிய எல்லாரும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு கையால் சோறு சாப்பிட்டார்கள். கலாவுக்குப் பத்து நாள் லீவும் கிடைத்தது. அலுவலகத்திலிருந்து போன் வந்த பிறகு அவளோடு முரண்டு பிடிக்க மேனேஜருக்கு மனமில்லை. கையெழுத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது விமானம் ஏறினாள்.

இதற்கு விலை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வருடம் முடிந்ததும் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பாஸ்போட் என்னிடமே இருந்ததால் நேராக சைப்பிரசுக்குப் போய் ஒரு ஹோட்டலில் மூன்று வருடம் வேலை செய்தேன். நாதன் சேரை வேறொரு கட்டடத்துக்கு, ஸ்டோர் பார்க்க மாற்றினார்கள். போகிற நாளில் சீலைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டுப் போனார். பத்தொன்பது வருடமாக அவருடைய பாஸ்போட்டும் அதே ஆபீஸ் அலுமாரியில்தான் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களோடு ஒரு தாளை அவரும் எழுதியிருக்கலாம். அவர் எழுதவில்லை. படித்த மனிதர், எனக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சரியாக இல்லை.

அன்றைக்கு முப்பத்தொரு பேரையும் கூட்டிக்கொண்டு போனது பிழை, கலாவுக்கு மட்டும் கெஞ்சிக் கேட்டிருந்தால் உன் வேலை போயிருக்காது என்று சொல்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கெஞ்சிக் கேட்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சின்ன வயதிலேயே படித்துவிட்டேன், வேறு எதையாவது படிக்கத்தான் வெளிநாட்டுக்குப் போனேன்.

ஊருக்கு வந்த பிறகு கலாவைப் பார்க்கக் கொத்மலைக்குப் போனேன். அவள் குறித்த நாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். பத்திரம் கையில் இருந்தது. காணி, பழைய தேயிலையைப் பிடுங்கிய சரிவில் இருந்தது. நல்ல துண்டுகளெல்லாம் முதலில் வந்தவர்களுக்குப் போய்விட்டன. இவளுக்குக் கிடைத்த ஏழு பேர்ச்சின் நடுவில் ஒரு பாறை, லயத்துக் காம்பரா அளவுக்கு. உடைக்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டை ஒரு ஓரமாக ஒதுக்கிக் கட்டியிருந்தாள். அவளுடைய அண்ணன் என்னைக் கண்டதும் குறைசொல்ல ஆரம்பித்துவிட்டார். "பாருங்க, ஏமாத்திப்புட்டாங்க. வேற துண்டு கேப்போம்னு சொன்னா இவ கேக்க மாட்டேங்கிறா."

கலா பாறைமேல் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள். "பாறதான். ஆனா எம் பேருல இருக்குக்கா. இதுல யாரு ஒக்காரணும்னாலும் என்னையத்தான் கேக்கணும்."

நான் அவளிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.